அடுத்தவன் அட்டையில் ஒன்பது நாள்

சின்னவனுக்குப் பணம் வந்துவிட்டது என்பது மீன் வறுபடும் வாசனையில்தான் தெரிந்தது.

கீழ் வீட்டிலிருந்து படிக்கட்டு வழியாக ஏறி வந்தது அது. பெரியவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது பொத்தானில் கை நின்றது. நாலு மாதமாக இரண்டு வீட்டிலும் ஒரே சமையல்தான். பருப்பு, முட்டை, இருந்தால் உருளைக்கிழங்கு. கீழே என்ன வேகிறது என்று மேலே தெரியும், மேலே என்ன தீய்கிறது என்று கீழே தெரியும்.

"மீனு," என்றாள் அவன் மனைவி, ஈரத்துணியை நாற்காலி முதுகில் விரித்தபடி. மூன்று நாளாக மழை. வீட்டுக்குள் எல்லா நாற்காலியும் ஆளுக்கொரு துணியைச் சுமந்து நின்றன. "துண்டு மீன். பெரிசு."

"மூக்காலயே எடை போடுவியா?"

"சத்தத்துலயே தெரியுதே. குட்டி மீனு இப்படியா கத்தும்?"

பெரியவன் மீதிப் பொத்தான்களைப் போட்டான்.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். பாட்டில் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை. பெரிய சகலை, சின்ன சகலை என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிட்டார்கள். போகப்போகச் சகலை உதிர்ந்து பெரியவன், சின்னவன் என்றே ஆகிவிட்டது. ஒருநாள் காலை வாசற்கதவில் ஒற்றைக் காகிதத்தை ஒட்டிவிட்டுத் தொழிற்சாலையை மூடினார்கள். வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு இருவரும் ஒரே நாளில், ஒரே ஜன்னலில், ஒருவன் முதுகில் காகிதத்தை வைத்து மற்றவன் எழுதி மனுக் கொடுத்தார்கள். சின்னவன் படிவத்தில் இரண்டு இடத்தில் தப்பு இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்ததே பெரியவன்தான்.

தங்கைக்காரி தட்டோடு மேலே வந்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி பறந்தது.

"மாமாவுக்கு நடுத்துண்டு எடுத்து வச்சிருக்கேன். சூட்டோட சாப்பிடச் சொல்லுக்கா."

"வந்துடுச்சா?" என்றாள் அக்கா. மீனைக் கேட்கவில்லை.

"நேத்து விழுந்துச்சாம். மூணு மாசப் பாக்கியும் சேர்த்து." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அடக்கிக்கொண்டாள். "மாமாவுக்கும் இந்த வாரம் வந்துடும். ஒண்ணாத்தானே போட்டாங்க."

"நான் சாப்பிட்டேன்," என்றான் பெரியவன்.

"எப்ப சாப்பிட்டீங்க? அடுப்பே பத்த வைக்கலையே," என்றாள் மனைவி.

அவன் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். திரும்பி வந்தபோது தட்டில் முள் மட்டும் கிடந்தது. "எனக்கு ரோஷமெல்லாம் இல்ல, பசிதான் இருக்கு," என்று மனைவி தட்டைக் கழுவினாள்.

அவர்கள் பார்த்த வேலை, பார்ப்பதுதான். உலையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் ஓடும் பட்டையில் வரிசையாக நகரும். பின்னால் வெள்ளை வெளிச்சப் பலகை. விரிசல், குமிழி, கோணல் கழுத்து, எது கண்ணில் பட்டாலும் எடுத்துத் தொட்டியில் எறிய வேண்டும். நிமிடத்துக்கு நூற்றுப் பத்து பாட்டில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறியாக வேண்டும். இல்லாவிட்டால் கண் சோர்ந்துபோய் எல்லாவற்றையும் நல்ல பாட்டில் என்று விட்டுவிடும். பதினேழு வருடம் குறையை மட்டுமே தேடிப் பழகிய கண் பெரியவனுடையது. வேலை போன பிறகு அதற்குப் பார்க்க வேறொன்றும் இல்லாமல் கீழ் வீட்டைப் பார்க்கத் தொடங்கியது.

சின்னவன் முடி வெட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தது. பழைய செருப்பு படியோரத்தில் குப்பையாகக் கிடந்ததைப் பார்த்தது. தங்கைக்காரி கடைப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்க்கட்டும் என்பது போல, சாவகாசமாகச் சாவி தேடியதைப் பார்த்தது. அவள் சாவியைத்தான் தேடினாள். ஆனால் பெரியவனுக்கு அப்படித் தெரியவில்லை. மத்தியானத்தில் சின்னவன் குறட்டை விடுவான். வேலை இல்லாத ஒருவன் பட்டப்பகலில் அத்தனை நிம்மதியாகத் தூங்குவது, தரை வழியாக மேலே கேட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்த வாரமும் பணம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தால் ஒரு பாட்டு போடுவார்கள். இருபது நிமிடம் பாட்டைக் கேட்டால் ஒரு பெண் வந்து, "உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்பாள். பிறகு மறுபடியும் பாட்டு. சந்தையில் வெங்காய மூட்டை இறக்க இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள் இடுப்பு எழுந்திருக்க விடவில்லை. நாற்பத்தாறு வயது இடுப்பு. நின்ற இடத்தில் நின்று பாட்டில் பார்த்த இடுப்பு.

நான்காவது முறையாக அந்த அலுவலகத்துக்குப் போனான். மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாளுக்கு இவனைத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

"நம்பர் சொல்லுங்க."

சொன்னான்.

"பரிசீலனையில இருக்கு."

"போன மாசமும் அங்கதான் இருந்துச்சு மேடம்."

"இந்த மாசமும் அங்கதான் இருக்கு."

"என் சகலைக்கு வந்துடுச்சு. ஒரே கம்பெனி, ஒரே பிரிவு, ஒரே நாள் குடுத்த மனு. அவன் தப்புத்தப்பா எழுதினதை நான்தான் திருத்திக் குடுத்தேன்."

"அப்ப உங்களதை யாரு திருத்தினா?"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவன் நகரவில்லை. ஜன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் பெருமூச்சு விட்டு, பிளாஸ்க் மூடியில் ஊற்றி வைத்திருந்த வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு, திரையில் இன்னும் ஏதோ திறந்து பார்த்தாள்.

"உங்களுக்கு நாள் பத்தல."

"என்ன நாள்?"

"மூடறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துல இருநூத்தி நாப்பது நாள் வேலை பார்த்திருக்கணும். வருகை அட்டைப் பதிவுல உங்களுக்கு இருநூத்தி முப்பத்தொண்ணுதான் இருக்கு. ஒன்பது குறையுது."

"நான் லீவே போட மாட்டேனே."

"அட்டை அப்படிச் சொல்லலையே. போன வருஷம் ஒரே மாசத்துல வரிசையா ஆப்சென்ட்டு."

அது எந்த மாதம் என்று அவள் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மாதம் தங்கைக்காரிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. சாதாரணம் என்று சொல்லித்தான் படுக்க வைத்தார்கள். தையல் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டு, வீடு திரும்புவாளா என்பதே சந்தேகமாகிவிட்டது. சின்னவனுக்கு அப்போது இரவு முறை. இரவு முறையில் மாதத்துக்கு மூன்று நாள் வராவிட்டால் ஆளை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். அவன் ஏற்கெனவே இரண்டு நாள் போகவில்லை. பகல் முறையில் அவ்வளவு கெடுபிடி கிடையாது. அதனால் பெரியவன் அந்த நாட்களில் தன் பகல் வேலைக்குப் போகாமல், வாசல் கடிகாரத்தில் சின்னவன் அட்டையைத் தட்டி உள்ளே போய், சின்னவன் இடத்தில் நின்று ராத்திரி முழுக்கப் பாட்டில் பார்த்தான்.

இதற்கு அங்கே கைமாத்து என்று பெயர். எல்லோரும் செய்வதுதான். மேற்பார்வையாளனுக்கும் தெரியும். பட்டையின் முன்னால் இரண்டு கண் இருந்தால் போதும், அது யாருடைய கண் என்று அவன் கேட்டதில்லை. மாதம் முடிந்ததும் அந்த நாட்களின் சம்பளத்தைச் சின்னவன் அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். கூடவே பெரியவன் மனைவிக்கு ஒரு கிலோ சர்க்கரையும் வாங்கி வந்தான். அத்தோடு தீர்ந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். சம்பளம் திரும்பி வந்ததே ஒழிய, நாள் சின்னவன் அட்டையிலேயே தங்கிவிட்டது. நாளுக்கென்று தனியாக ஒரு மதிப்பு இருக்கும் என்று அந்தத் தொழிற்சாலையில் எவனுக்கும் தோன்றியதில்லை.

"அடுத்தவர் அட்டையில வேலை பார்த்த நாள் கணக்குல வருமா மேடம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "யாரு அட்டை, என்னென்ன தேதின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா விசாரணைக்குப் போகும். நிஜம்னு தெரிஞ்சா அவர் கணக்குல கழிச்சு உங்க கணக்குல சேர்ப்பாங்க."

"தப்புப் பண்ணதுக்கு நடவடிக்கை எடுப்பாங்களா?"

"அது உங்க கம்பெனி எடுக்க வேண்டியது. கம்பெனிதான் இல்லையே. எங்களுக்கு ஆள் எங்க நின்னாருங்கறதுதான் கணக்கு."

"அவருக்கு நாள் குறைஞ்சா?"

"வாங்கினதைத் திருப்பிக் கட்டணும்." ஒரு படிவத்தை ஜன்னலுக்கு வெளியே தள்ளினாள். "அடுத்த ஆள்."

படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இரண்டு வாரம் அது பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போது அதுவும் மாறியது. மனைவி ஒருநாள் துவைக்க எடுத்தபோது கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னான்.

"அவர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன்," என்றாள்.

"என்னன்னு கேக்க? நீ தின்னது போதும், இனி நான் திங்கறேன்னா?"

"வர்றதுல பாதிப் பாதி எடுத்துக்கலாம்னு கேளுங்க. உங்க நாள்லதானே அவங்களுக்கு வருது."

"கேட்டா குடுத்துடுவான்."

"குடுத்தா நல்லதுதானே?"

"குடுத்துடுவான்டி. யோசிக்கக்கூட மாட்டான். எடுத்துக்கங்க சகலைன்னு நீட்டுவான். அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவள் சோப்பு நுரைக் கையோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கும் அவ மேல வயிறு எரியத்தான் செய்யுது," என்றாள் கடைசியில். "நேத்து புதுத் துண்டு காயப் போட்டிருந்தா. கையைத் துடைச்சுட்டு வந்தேன். அழுக்குக் கை."

இருவரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அதுதான். நல்ல சிரிப்பு இல்லை.

அந்த வியாழக்கிழமை மின்சாரக்காரர்கள் கதவில் சிவப்புத்தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். பெரியவன் சனிக்கிழமை முழுக்கக் கடன் கேட்டு அலைந்தான். பழைய மேற்பார்வையாளனைப் பார்த்தான். அவனே மருமகன் வீட்டில் ஒண்டியிருந்தான். மழையில் நனைந்து திரும்பி வந்தபோது சிவப்புத்தாளைக் காணவில்லை. கதவிடுக்கில் பணம் கட்டிய ரசீது செருகியிருந்தது. பின்புறம் சின்னவன் கையெழுத்தில், எழுத்துப் பிழையோடு, 'எங்களதைக் கட்டப் போனேன், உங்களதையும் சேத்து கட்டிட்டேன்' என்று இருந்தது.

பெரியவன் படியில் உட்கார்ந்தான். கீழே சின்னவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் நாளை வைத்துக்கொண்டு எனக்கே விளக்குப் போடுகிறான் என்று தோன்றியது. அவன் கெட்டவனாக இருந்திருக்கலாம். கருமியாக இருந்திருக்கலாம். ஒரு சொல் குத்திப் பேசியிருந்தால்கூடப் போதும், இவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை காலை படிவத்தை நிரப்பினான். தேதிகளை யோசித்து யோசித்து எழுதினான். ஒன்பது தேதி நினைவுக்கு வந்தது. ஒன்பதுதான் வேண்டியிருந்தது. சின்னவன் அட்டை எண்ணை ஒரே மூச்சில் எழுதினான். அதுதான் அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கீழ் வீட்டுக்குக் கடிதம் வந்தது. தொகை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, இன்ன தேதியில் விசாரணை, புகார் நகல் இணைப்பு. தங்கைக்காரி அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, மாமா கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அவர் வேலை பார்த்த நாளைத்தானே கேட்டிருக்காரு. உன் வீட்டுக்காரர் நாளை இல்லையே."

"இல்லைன்னு சொல்லல. நான் செத்துப் பொழைச்ச நாளு அது. மறந்துடுவேனா? ஒரு வார்த்தை கீழ வந்து கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா குடுத்திருப்பியா?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "தெரியல. கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

அவள் இறங்கிப் போனாள். உள்ளறையில் படுத்திருந்த பெரியவன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். சின்னவன் மேலே வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டான். இரண்டு வீட்டுச் சமையல் வாசனையும் மறுபடி ஒன்றாகிவிட்டது. கீழேயும் பருப்பு, மேலேயும் பருப்பு. முதல் நாள் அந்த வாசனை வந்தபோது பெரியவன் இரண்டு தட்டுச் சோறு தின்றான்.

விசாரணை அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. வேறு பஸ் கிடையாது. சின்னவன் முன்னால் ஏறி, பழக்கதோஷத்தில் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டான். வாங்கிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஒன்றைப் பின்னால் நீட்டினான். பெரியவன் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விசாரணை அதிகாரி சின்னப் பையன் மாதிரி இருந்தான். ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவந்து போயிருந்தது. இருவரையும் மேசைக்கு இந்தப் பக்கம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தான். புகாரைப் படித்தான். பிறகு சின்னவனைப் பார்த்தான்.

"இந்த ஒன்பது நாளும் உங்க அட்டையில இவர்தான் வேலை பார்த்தார்ங்கறாரு. நிஜமா?"

சின்னவன் வாயைத் திறப்பதற்குள் அதிகாரியே கையைக் காட்டி நிறுத்தினான். "யோசிச்சுச் சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இல்லேன்னு சொன்னீங்கன்னா இவர்கிட்ட வேற ஆதாரம் கிடையாது. புகார் தள்ளுபடி, உங்களுக்குத் தொகை தொடரும். ஆமான்னு சொன்னீங்கன்னா உங்களுக்கு நாள் பத்தாது. வாங்கினது பூரா தவணையில திருப்பிக் கட்டணும்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் பொய் சொல்லட்டும் என்று அவன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான். பணம் போனால் போகிறது. இவன் ஒரே ஒரு பொய் சொல்லிவிட்டால் போதும். அதை வைத்துக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டிவிடலாம்.

"ஒன்பது இல்ல சார்," என்றான் சின்னவன்.

பெரியவன் மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"பதினொண்ணு. கடைசி ரெண்டு நாளை விட்டுட்டாரு. ஆஸ்பத்திரியில வீட்டுக்கு அனுப்பறோம்னு சொல்லிட்டு அனுப்பாம வச்சிருந்தாங்களே, அந்த ரெண்டு நாள். எழுதிக்கங்க."

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தான். "நான் சொன்னது புரிஞ்சுதா உங்களுக்கு?"

"புரிஞ்சுது சார். என் பொண்டாட்டி பிழைப்பாளா மாட்டாளான்னு கிடந்தா. பதினொரு ராத்திரியும் நான் அவ கட்டிலுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். இப்ப காசுக்காக, இல்ல, நான் பாட்டில்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா? அவ கேட்டா என்ன சொல்லுவேன்?"

அதிகாரி ஒன்பதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினான். திருத்தத்துக்குப் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் சின்னவன் போட்டான். பெரியவன் போடும்போது பேனா இரண்டு முறை வழுக்கியது. "உங்களுக்கு ஒரு மாசத்துல வந்துடும்," என்றான் அதிகாரி பெரியவனிடம். தும்மினான்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் சின்னவன் போய் நின்றான்.

"டீ வாங்கிக் குடுங்க. இனிமே நீங்கதானே வசதியான ஆளு. ஒரு பன்னும் சொல்லுங்க. காலையில சாப்பிடல."

பெரியவன் சொன்னான். சட்டைப் பையில் இருந்த சில்லறையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னான். சின்னவன் பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்துத் தின்றான்.

"இன்னொரு பன் சொல்லவா?" என்று கேட்டான் பெரியவன். கேட்க நினைத்தது அதை இல்லை.

"சொல்லுங்க."

இரண்டாவது பன்னும் வந்தது.

"உனக்குக் கோபமே வரலையா?"

"வந்திருக்கு. முதல்ல இதைத் தின்னுக்கறேன்."

தின்றான். ஒளிக்காமல், அவசரப்படாமல், தன் வயிற்றில் அடித்தவன் கையிலிருந்து வாங்கி, சொந்த வீட்டில் உட்கார்ந்து தின்பது மாதிரி தின்றான். பெரியவனுடைய டீயில் ஆடை படிந்துவிட்டது. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. இவன் கொடுத்த நடுத்துண்டு மீனைத் தன்னால் தொட முடியாமல் போனது. இவனோ வாங்கித் தின்கிறான். இது எப்படி ஒருவனுக்கு முடிகிறது என்று அந்தத் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் கேட்டதெல்லாம் தனக்குக் கிடைத்துவிட்டது. வயிற்றெரிச்சல் மட்டும் முன்னைவிடக் கூடியிருந்தது.

சின்னவன் கடைசித் துண்டை விழுங்கினான். கையைத் தட்டி, வாயைப் புறங்கையால் துடைத்தான். டம்ளரைப் பலகைமேல் வைத்துவிட்டு நேராக இவன் பக்கம் திரும்பினான்.

"சரி சகலை. இப்ப சொல்றேன், கேளுங்க," என்றான்.